சாப்பிட்டேன், சரியாப் போச்சு: மூலிகை மருந்துக்கு ஆதாரம் என்றால் என்ன?

எனக்குப் பதினோரு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. முழு ஆண்டு விடுமுறை, பாலாறு வெறும் மணலாகக் கிடந்த கோடை, எந்தத் தண்ணீரைக் குடித்தேனோ தெரியாது. கண் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ஆயா என்னை ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெரியவர் கீழாநெல்லியை வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்துக் கொடுத்தார். மூன்று நாள், வெறும் வயிற்றில். அப்புறம் உப்பில்லாப் பத்தியம். எண்ணெய் கூடாது, கறி கூடாது, வெயிலில் அலையக் கூடாது. மூன்றாவது வாரம் கண் வெளுத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது தீர்ப்பாகிவிட்டது: கீழாநெல்லி சாப்ட்டான், சரியாப் போச்சி.

நான் மருத்துவன் இல்லை. வேலூரை ஒட்டிய காட்பாடியில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். ஆனால் அந்த வாக்கியம் பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'சாப்பிட்டான்' என்பது உண்மை. 'சரியாகிவிட்டது' என்பதும் உண்மை. நடுவில் ஒரு காற்புள்ளி இருக்கிறதே, அதற்குள் 'அதனால்' என்று ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. அந்த ஒரு சொல் உண்மையா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மருத்துவ ஆய்வு என்கிற அத்தனை பெரிய ஏற்பாடும். மூலிகை நல்லதா கெட்டதா என்று வீட்டிலும் வாட்ஸாப்பிலும் நடக்கிற சண்டையில் இரண்டு தரப்பும் தாண்டிப் போய்விடுகிற இடமும் அந்தக் காற்புள்ளிதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். உடம்பு விஷயத்தில் பனம்பழம் எப்போதும் விழத் தயாராகவே இருக்கிறது என்பதுதான் சிக்கல். சிறுவர்களுக்கு அசுத்தத் தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. அதற்கென்று தனி மருந்து கிடையாது. தேவையும் படுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கல்லீரல் தானே தேறிவிடும். ஆக, அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒடுகத்தூர் கீழாநெல்லி கொடுத்திருந்தாலும், கொடுக்காமல் மோர் மட்டும் கொடுத்திருந்தாலும், கண் வெளுத்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மூட்டு வலி, ஒற்றைத் தலைவலி, தோல் அரிப்பு போன்றவற்றில் வேறொரு ஏமாற்று இருக்கிறது. இவை ஏறி இறங்குகிற நோய்கள். நாம் மருந்து தேடி ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்திலிருந்து அடுத்து இறக்கம்தானே? அந்த இறக்கத்தின் பெயர் யாருக்குப் போகிறது? கடைசியாகச் சாப்பிட்ட மருந்துக்கு. இதில் மூலிகை, ஆங்கில மருந்து என்கிற பேதமெல்லாம் இல்லை. ஐந்து நாளில் தானாகப் போகிற சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதி வாங்கிக்கொண்டு, அதனால்தான் போனது என்று நம்புகிறவர்களும் இதே கணக்கில்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குணமானவன் ஊரெல்லாம் சொல்லுவான். குணமாகாதவன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான். இறந்தவன் சொல்ல வரமாட்டான். கிராமத்துப் பெரியவர் பொய்யே சொல்லாதவராக இருந்தாலும், அவர் கண்ணில் படுவது திரும்பி வந்து கும்பிடுகிறவர்கள் மட்டும்தான்.

சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது

இதற்கு வழி என்ன? ஒரே நோய் உள்ள நிறையப் பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்து. மற்றதற்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத போலி மாத்திரை. இதைத்தான் பிளாசிபோ என்பார்கள். யாருக்கு எது போனது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுத்துக் கவனிக்கிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. கடைசியில் எண்ணிப் பார்க்க வேண்டும். தானாகக் குணமாவது, உச்சத்திலிருந்து இறங்குவது, பத்தியம், டாக்டர் கனிவாகப் பேசியது எல்லாமே இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். மிஞ்சுகிற வித்தியாசம் மருந்துடையது.

ஏன் சீட்டுக் குலுக்க வேண்டும், டாக்டரே பார்த்துப் பிரித்தால் ஆகாதா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. டாக்டர் பிரித்தால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவரைத் தன்னை அறியாமலேயே மருந்துப் பக்கம் தள்ளுவார். சீட்டுக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது.

கீழாநெல்லிக்கே இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, அதுவும் நம் சென்னையில். 1988இல் லான்செட் இதழில் அது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் நிரந்தரமாகச் சுமந்துகொண்டிருந்தவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். இது சிறுவயதில் எனக்கு வந்தது போல வந்து போகிற காமாலை அல்ல. வருடக்கணக்கில் தங்கிக் கல்லீரலை அரிக்கக்கூடியது. பாதிப் பேருக்குக் கீழாநெல்லிப் பொடி, மீதிப் பேருக்கு பிளாசிபோ, 30 நாள். முடிவு: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளமான மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் பங்கேற்றிருந்தார். 'பாத்தியா, நம்ம கீழாநெல்லி!' என்று துள்ளத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றியது.

கொஞ்சம் நிதானமாகக் கூட்டிப் பாருங்கள். 37ம் 23ம் 60. ஆய்வில் சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் 78 பேர். மீதி 18 பேர் எண்ணிக்கையில் இல்லை. வகுப்பில் நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள் பரீட்சைக்கு வரவில்லை என்றால், வந்தவர்களை மட்டும் வைத்துத் தேர்ச்சி விகிதம் சொல்ல நான் யோசிப்பேன். விட்டுப் போனவர்கள் எந்தப் பக்கம், எப்படி இருந்தார்கள் என்பது முடிவையே மாற்றலாம். அதோடு, எண்ணிக்கை சிறியது, பார்த்த காலமும் குறைவு.

அதனால் அறிவியலில் அடுத்த படி எப்போதும் ஒன்றுதான்: வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்து பார்ப்பது. தாய்லாந்தில் பார்த்தார்கள், நியூசிலாந்தில் பார்த்தார்கள். அந்த 59 சதவீதம் வரவில்லை. செடி வேறு மண்ணில் வளர்ந்தது, வேறு பருவத்தில் பறித்தது என்றெல்லாம் விளக்கம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மண் மாறினாலே மறைந்துவிடுகிற பலனை நம்பி ஒரு நோயாளியை எப்படி விடுவது? 2011இல் இதுபற்றி வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. போலி மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் பலன் இருப்பதுபோலத் தெரிந்தாலும், அந்த ஆய்வுகள் பிழைக்கு நிறைய இடம் கொடுத்தவை என்றும் சொன்னது.

தொகுப்பாய்வு என்றால், ஒரு கேள்விக்கு உலகில் நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடி எடுத்து, தரம் பார்த்து, ஒன்றாகக் கூட்டுவது. பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. காக்ரேன் என்பது அதற்கென்றே 1993இல் இங்கிலாந்தில் தொடங்கிய அமைப்பு, ஆர்ச்சி காக்ரேன் என்ற மருத்துவரின் பெயரால். அதன் தெற்காசிய மையம் அமைந்தது எங்கே தெரியுமா? நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். ஆற்காடு ரோட்டில் ஆட்டோ ஹாரனுக்கு நடுவே நடந்து போகும்போது எனக்கு இதை நினைத்துச் சிரிப்பு வரும். மூலிகை பற்றி ஊரெல்லாம் அடித்துக்கொள்கிறோம், அடித்துக்கொள்ளாமல் எண்ணிப் பார்க்கிற வேலை பக்கத்துக் கட்டடத்திலேயே நடந்திருக்கிறது.

ஆக, கீழாநெல்லி பொய்யா? இல்லை. 'ஹெபடைடிஸ் பி-யை விரட்டும்' என்ற குறிப்பிட்ட கூற்று நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். ஆதாரம் பேசுகிற மொழியே அப்படித்தான். எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எந்த நோய்க்கு, எதோடு ஒப்பிட்டு? இந்த ஐந்தும் சொல்லாமல் 'கல்லீரலுக்கு நல்லது' என்று மட்டும் சொன்னால் அதை உண்மை என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் விளம்பரங்களின் ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். கண்ணாடித் தட்டில் செல்களை வைத்து, மேலே சாற்றை ஊற்றினால் கிருமி செத்தது என்று அர்த்தம். தட்டில் சாராயத்தை ஊற்றினாலும் சாகும், சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். வாயில் போட்ட மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, நோய் இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவில் போய்ச் சேர வேண்டும். தட்டிலிருந்து எலி, எலியிலிருந்து மனிதன் என்று வருகிற பாதையில் பெரும்பாலான மருந்துகள் வழியிலேயே விழுந்துவிடுகின்றன, கம்பெனி மருந்துகளும்தான்.

நிலவேம்பும் மூன்று பேரும்

2012இலும் 2017இலும் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் அண்டா வைத்து ஊற்றிக் கொடுத்ததை நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். கசப்பு அரை நாள் நாக்கில் நிற்கும். அதில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்கு.

நிலவேம்பு ஆதாரமே இல்லாத செடி அல்ல. சளி, தொண்டைக் கரகரப்பு போன்ற மூச்சுக்குழாய்த் தொற்றுகளுக்கு அது அறிகுறிகளைக் குறைக்கிறதா என்று 33 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017இல் வந்தது. கொஞ்சம் குறைக்கிறது என்றுதான் தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் சுமார் என்றும் எழுதியிருந்தார்கள். டெங்குவுக்கு அந்த அளவுக்குக்கூட மனிதர்களிடம் நடந்த வலுவான சோதனை இல்லை. சளிக்கு வந்த மதிப்பெண்ணை டெங்குக்கு எழுதிக்கொள்ள முடியாது.

கொரோனா காலத்தில் தாய்லாந்தில் நடந்தது கணக்கு வாத்தியாருக்குக் கிடைத்த பாடம். லேசான கொரோனா உள்ள 57 பேரில் 29 பேருக்கு நிலவேம்புச் சாறு, 28 பேருக்கு பிளாசிபோ. நிலவேம்புப் பக்கம் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை. பிளாசிபோ பக்கம் மூன்று பேருக்கு வந்தது. பூஜ்யத்துக்கு மூன்று! கேட்டால் பெரிய வெற்றி. இது தற்செயலாக நடக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான் என்று முதலில் எழுதினார்கள். அப்புறம் கணக்கில் பிழை தெரிந்தது. சரியான கணக்கு நூற்றுக்குப் பதினொன்று. 2021இல் அவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்தப் பதினொன்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 57 பேர் இரண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், 29 ஒரு பக்கம், 28 மறுபக்கம். மருந்தே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேரைத் தொடுகிறேன். மூன்று பேரும் 28 பேர் அறையிலேயே இருக்க எவ்வளவு வாய்ப்பு? 28ஐ 57ஆல் வகுத்து, 27ஐ 56ஆல் வகுத்து, 26ஐ 55ஆல் வகுத்து, மூன்றையும் பெருக்குங்கள். 0.112 வரும். மருந்தே இல்லாமல் ஒன்பது தடவைக்கு ஒரு தடவை வரக்கூடிய முடிவு அது. சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் மருந்தும் ஒரே மாதிரி முகத்தோடு வரும். பெரிய ஆய்வு வேண்டும் என்று அடம்பிடிப்பது அதனால்தான்.

இன்னொரு ஏமாற்று, தோற்ற ஆய்வை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஜெயித்ததை மட்டும் வெளியிடுவது. அல்லது ஆரம்பத்தில் ஒன்றை அளப்பதாகச் சொல்லிவிட்டு, அது சரிவராததும் வேறொன்றை எடுத்துக் காட்டுவது, பரீட்சை முடிந்த பிறகு கேள்வித்தாளை மாற்றுவது மாதிரி. இதைத் தடுக்கத்தான் மனிதர்களிடம் செய்யும் மருந்து ஆய்வை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு. இந்தியாவில் பதிவேடு 2007இல் வந்தது, 2009இலிருந்து கட்டாயம். யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

சரி, தேர்வில் தேறிய செடிகள் இல்லையா? நிறைய. மலச்சிக்கலுக்கு இசப்கோல், நிலாவாரை இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. நிலாவாரை உலகச் சந்தையில் தின்னவேலி சென்னா என்றே விற்கிறது, திருநெல்வேலியின் பெயரால். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 50 நோயாளிகளின் விவரத்தோடு 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுக்கப் போனது. மலேரியாவுக்கு இன்று கொடுக்கும் ஆர்ட்டிமிசினின், சீனத்து ஆர்ட்டிமிசியா செடியிலிருந்து வந்தது. சீன விஞ்ஞானி தூ யூயூ பழைய மருத்துவச் சுவடியில் 'பச்சையாகப் பிழிந்து குடி' என்ற பொருளில் இருந்த குறிப்பைப் பார்த்து, கொதிக்க வைத்தால் சத்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு. சுவடியை அவர் நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

ஆடு தீண்டாதது

இனி ஆபத்து. 'ஆயிரம் வருஷமா சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகல' என்று சொல்லுவோம். இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பரம்பரை அனுபவத்துக்குக் கூர்மையான கண் உண்டு. எங்கள் பக்கத்துக் காடுகளில் ஒடுவன் மரம் இருக்கிறது. அதன் தழை கொடிய விஷம் என்று ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறிவிடும். ஒடுவன் தழைபற்றி வேலூர் மருத்துவர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால், வடாற்காட்டுக்காரனுக்கு அந்த ஒரு மரத்தின் பெயரே பதில். உடனே நடக்கிற, அடிக்கடி நடக்கிற கெடுதலை ஊர் அனுபவம் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் பத்து வருடம் கழித்து வருவதை? ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதை?

ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி. ஆடுகூடத் தொடாது என்பதால் அந்தப் பெயர். தோல் நோய்க்கும் பூச்சிக்கடிக்கும் நாட்டு வைத்தியத்தில் இதற்கு இடமுண்டு. பெருமருந்துக்கொடி என்கிற ஈசுரமூலி இதன் உறவு. இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க ஒரு மருத்துவமனையில் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். மாத்திரையில் இருக்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட அரிஸ்டலோக்கியா இனம் கலந்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. அந்த அமிலம் இன்று, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது என்ற பட்டியலில் இருக்கிறது.

இதை எந்தக் கிராமத்து வைத்தியராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் கெட்டவர் என்பதாலோ அறிவில்லாதவர் என்பதாலோ அல்ல. மருந்து கொடுத்தது இன்று, சிறுநீரகம் போவது மூன்று வருடம் கழித்து, புற்றுநோய் அதற்கும் பிறகு. 'அதனால்' என்று எந்த மனிதக் கண்ணும் கோடு போட முடியாத தூரம். குணமாவதில் அவசரப்பட்டு 'அதனால்' போடுகிறோம். கெடுதலில் போட வேண்டிய 'அதனால்' நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆய்வுகளும் இதில் பலவீனம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், பாதுகாப்பானது என்று நினைப்போம். ஆனால் உண்மையில் நூற்றுக்கு மூன்று பேர் வரை பாதிக்கக்கூடியதாக இருந்தாலும் அப்படி ஒரு முடிவு வரலாம். எத்தனை பேரிடம் பார்த்தீர்களோ, மூன்றை அந்த எண்ணால் வகுங்கள். ஏறக்குறைய அதுதான் மேல் வரம்பு. அபூர்வமான கெடுதல் பெருங்கூட்டம் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

சீந்தில் கொடிக்கு நடந்தது அதுதான். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று நாடே சீந்தில் குடித்தது. 2021இல் மும்பைக் கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிற மாதிரியான பாதிப்பு. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதானே குடித்தார்கள்! வேறு இனக் கொடியைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பையும் நான் தள்ளமாட்டேன், ஏனென்றால் பெயர்க் குழப்பம் நிஜமான ஆபத்து. தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி வகையாக விற்ற மாதிரிகளை மரபணு வரை போய்ச் சோதித்தபோது, ஒரு பகுதியில் வேறு இனங்கள் இருந்தன. வேலூர் லாங் பஜாரில் காய்ந்து சுருங்கிய கட்டாக வாங்கும்போது அது எந்த நெல்லி என்று யாருக்குத் தெரியும்?

மஞ்சளைப் பாருங்கள். குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் கல்லீரல் போனதாகத் தெரியவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம். அதை 95 சதவீதமாக அடர்த்தியாக்கி 500 மில்லிகிராம் மாத்திரையாகச் செய்தால், ஒரு மாத்திரை ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். கூடவே மிளகின் பைப்பரின் சேர்ப்பார்கள், அது குர்குமின் ரத்தத்தில் சேர்வதை 20 மடங்கு வரை கூட்டும் என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். அடுப்படியில் இருப்பதும் டப்பாவில் வருவதும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு முட்டி வலி. யாரோ கொடுத்த பழுப்புச் சூரணம், லேபிள் கிடையாது. நாலே நாளில் மாடிப்படி ஏறினார். தெருவே அந்தப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றது. ஆறு மாதத்தில் முகம் உப்பி நிலா மாதிரி ஆகி, சர்க்கரை ஏறியது. இப்படி நாலு நாளில் அதிசயம் செய்கிற வலிச் சூரணங்களில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலப்பது பலமுறை பிடிபட்ட மோசடி. அதைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுகிற ஆபத்தும் உண்டு, ஏனென்றால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

உலோகம் இன்னொரு விஷயம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்ததாக 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. செந்தூரம், பற்பம் என்பவை மூலிகையே அல்ல, உலோகமும் தாதுவும் சேர்ந்தவை. நச்சு நீக்கும் சுத்தி முறைகள் சுவடியில் இருக்கின்றன. இந்தப் பொட்டலத்தில் அந்த முறை நடந்ததா என்பதுதான் கேள்வி. டப்பாவில் உரிம எண் இருக்கிறதே என்பார்கள். பழைய நூல்களில் உள்ள செய்முறைப்படி தயாரிக்கும் மருந்துக்கு, புதிதாக மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. உரிமம் என்பது தயாரிக்க அனுமதி. பலனுக்குச் சான்றிதழ் அல்ல. அதேசமயம் சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டிகளைப் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் தடுக்கிறது.

கடைசியாக, மூலிகையும் மாத்திரையும் சேர்கிற கூட்டணி. என் பெரியப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு அவருக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு வருடம் அது திடீரென்று ஐந்தைத் தாண்டியது, பல் தேய்த்தால் ரத்தம். என்ன புதிதாகச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் மூன்று முறை கேட்டும் ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அலமாரியைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பூண்டுக் காப்ஸ்யூல், அதோடு பெயரில்லாத ஒரு பொடி. "அது மருந்து இல்லடா, மூலிகை" என்றார் பெரியப்பா. நிறுத்தினார், அளவு இறங்கியது. (இதிலும் காற்புள்ளி இருக்கிறது, கவனித்தேன்.)

இப்படி மோதுகிறவை நிறைய. அதிமதுரத்தை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது எதிர் வேலை. சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் சேர்ந்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம். 1971இல் நாட்டிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியாக நடந்த ஊர் இது. மாற்று உறுப்போடு இருப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கலாம். மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கு நல்ல ஆதாரமே உண்டு. ஆனால் அது, மாற்று உறுப்பை உடம்பு தாக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கி, மாற்று இதயத்தை உடம்பு நிராகரிக்க வைத்ததாக 2000இல் சூரிச்சிலிருந்து இரண்டு நோயாளிகளின் விவரம் வந்தது. வேலை செய்கிற மூலிகை என்பதால்தான் மோதுகிறது. ஒன்றும் செய்யாத செடி எதோடும் சண்டை போடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகை மாத்திரையையும் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

போன வருடம் என் மகளுக்குக் காமாலை வந்தது, எனக்கு வந்த அதே வயதில். நேராக ரத்தம் எடுத்தோம். காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, கண்ணின் நிறம். பித்தக்கல் அடைத்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், கல்லீரலே செயலிழந்துகொண்டிருந்தாலும் அதே மஞ்சள்தான். பத்தியத்தில் பத்து நாள் போனால் சிலருக்கு அந்தப் பத்து நாள்தான் உயிர். ரிப்போர்ட்டில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. ஓய்வு, தண்ணீர், பிடித்த சாப்பாடு போதும் என்றார் டாக்டர். கீழாநெல்லி கொடுக்கலாமா என்று அம்மா அவரிடமே கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. கல்லீரல் வீங்கியிருக்கும்போது எதுவும் கூடுதலாக வேண்டாம், வாந்தி நிற்காவிட்டாலோ, தூக்கம் தூக்கமாக வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே வாருங்கள் என்றார்.

மூன்றாவது வாரம் கண் வெளுத்தது. ஆயாவின் காலத்து அதே மூன்று வாரம். நான் வெற்றிப் பார்வை பார்த்தேன்.

"பாத்தியா," என்றாள் அம்மா. "நான் அரைச்சுக் குடுத்திருந்தா ரெண்டே வாரத்துல போயிருக்கும்."

இல்லை என்று நிரூபிக்க என்னிடம் இன்னொரு மகள் இல்லை.